யாருக்கு அருமை?

சில மாதங்களுக்கு முன்பு நான் மொழிபெயர்த்துக் கொடுத்த ஒரு தாள்கட்டு திருத்தங்களோடு திரும்பி வந்தது. பழைய வழக்குகளைப் பற்றிச் சட்ட மாணவர்களுக்காக எழுதப்பட்ட ஆங்கிலக் கட்டுரைகள் அவை. திருத்தியவர் எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இன்னமும் பென்சிலில்தான் திருத்துவார். ஒற்றுப் பிழைக்கு ஒரு சுழி, வாக்கியம் நொண்டினால் ஒரு கோடு, ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் ஓரத்தில் எழுத்து. முப்பத்து நாலாம் பக்கத்து ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "யாருக்கு அருமை?"

அந்த இடத்தில் நான் எழுதியிருந்த வரி, "இங்கே நீதிமன்றத்தின் முன் ஓர் அருமையான கேள்வி எழுகிறது." வழக்கோ அண்ணனும் தம்பியும் அப்பாவின் உயிலை வைத்துக்கொண்டு பல வருடம் கோர்ட்டுக்கு நடந்த வழக்கு. சொத்து பாதிக்குப் பாதி கரைந்த பிறகு நீதிபதிக்கு அதில் என்ன அருமை கண்டது என்று பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூலத்தைப் புரட்டினேன். 'எ நைஸ் க்வெஸ்சன்' என்றுதான் இருந்தது. நான் செய்ததில் என்ன தப்பு? நைஸ் என்றால் அருமை, இனிமை, நல்லது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஐந்து பக்கம் தள்ளி இன்னொரு நைஸ் வந்திருந்தது. அதை 'நல்ல வேறுபாடு' என்று எழுதியிருந்தேன். அங்கே பெரியவர் எழுதக்கூட இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

இருபது வருடமாக இந்தத் தொழிலில் சோறு தின்கிறேன். புரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்ப்பேன். புரிந்த சொல்லுக்கு யார் பார்ப்பார்கள்? அங்கேதான் சறுக்கல். கடினமான சொல் மொழிபெயர்ப்பாளனைக் கவிழ்ப்பதே இல்லை, அது வரும்போதே மணியடித்துக்கொண்டு வரும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்காருகிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

எனக்கும் இந்தச் சொல்லுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த ஆங்கிலச் சொற்களில் இது ஒன்று, அதுவும் புத்தகத்தில் அல்ல, பிஸ்கட்டில். மேலே சர்க்கரை தூவி, நடுவே இந்த நாலு எழுத்தைப் பொறித்த தேங்காய் பிஸ்கட். ஓரத்து எழுத்திலிருந்து கடித்துக்கொண்டே போவோம். (பிரான்சில் இதே நாலு எழுத்தில் ஓர் ஊர் உண்டு, உச்சரிப்பு 'நீஸ்'. அது கிரேக்க வெற்றித் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. நம் சொல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) அப்புறம் எட்டாம் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னபோது ஒரே பக்கத்தில் ஏழு இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டுவைத்தேன். பூங்கா நைஸ், ஐஸ்கிரீம் நைஸ், மாமா நைஸ். ஆசிரியர் ஏழையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "இது ஒரு வார்த்தையே இல்லை, வேறு வார்த்தை கிடைக்காதவன் போடுகிற சாக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் இந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு போகிற பழக்கம் வந்துவிட்டது. எழுதாத சொல்லைப் பற்றி யோசிக்கவும் மாட்டோம் இல்லையா.

பென்சில் குறிப்பைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து இந்தச் சொல்லின் ஜாதகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன்.

விவரம் தெரியாத சொல்

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்று ஒரு சொல். 'நெ' என்பது இல்லை. 'ஸ்கிரே' என்பது அறிதல். அறியாதவன், விவரம் கெட்டவன் என்று பொருள். அது பழைய பிரெஞ்சுக்குள் போய் 'அசடு' ஆயிற்று, 1300 வாக்கில் இங்கிலாந்துக்கும் அதே பொருளோடு வந்து சேர்ந்தது. பதினாலாம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்து நைஸ் என்றால் அடிதடி ஆகியிருக்கலாம். ஸ்பானிஷில் இதன் உடன்பிறப்பான 'நெசியோ' இன்றைக்கும் முட்டாளைத்தான் குறிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே 'ஸ்கிரே'யிலிருந்து வந்த இன்னொரு சொல் சயின்ஸ். நைஸும் சயின்ஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்று அறியாதது, மற்றது அறிந்தது. காதுக்கு எதுகை மாதிரி ஒலிக்கிறதே என்று எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது, உறவுமுறை இருக்கும் என்று நினைத்ததில்லை.

அசடு எப்படி நல்லது ஆனது? ஆங்கிலேயர்கள் இதற்குப் பெரிய விளக்கம் எழுதுகிறார்கள். தமிழனுக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் அச்சத்தையும் நாணத்தையும் சொல்லி, கூடவே சேர்க்கிற மூன்றாவது எது? மடம். மடமை என்றால் அறியாமை, மடையன் என்றால் திட்டு. ஆனால் மடந்தை, மடவரல், மடமகள் என்று வரும்போது அது கொஞ்சல். பழைய உரைகாரர்கள் மடம் என்பதற்குக் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று பொருள் சொல்லிச் சமாளிப்பார்கள். சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொள்வது, பிடித்ததை விடாதிருப்பது. எப்படிச் சுற்றினாலும் தானாக ஒன்றும் தெரியாதவள் என்ற அடிப்படை மாறவில்லை. தெரியாமல் இருப்பவள் அடக்கமாக இருப்பாள், அடக்கமாக இருப்பவள் கூச்சப்படுவாள், கூச்சம் அழகு. அவ்வளவுதான் பாதை. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே படிக்கட்டுத்தான், நடுவில் மட்டும் கொஞ்சகாலம் இந்தச் சொல் ஒழுக்கம் கெட்ட சொகுசுப் பேர்வழிகளைக் குறித்துத் திரிந்தது.

நம் காலத்திலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாப்பிள்ளை பார்க்கப் போய்விட்டு வந்து, "பையன் அப்பாவிங்க" என்று சொன்னால் அது பாராட்டு. அதே சொல் வியாபாரக் கூட்டாளியைப் பற்றி வந்தால் எச்சரிக்கை. வெகுளியை எடுத்துக்கொள்ளுங்கள். குறளில் வெகுளி என்றால் கோபம், 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்றைக்கு வெகுளி என்றால் சூதுவாது தெரியாத ஆள். கோபக்காரன் எந்த வளைவில் திரும்பி அப்பாவி ஆனான்? மனதில் பட்டதை மறைக்கத் தெரியாமல் சட்டென்று கொட்டிவிடுகிறவன் என்று நடுவில் ஒரு படி இருந்திருக்கும் என்பது என் ஊகம். (நாற்றம் ஒருகாலத்தில் நறுமணமாக இருந்த கதையை இங்கே யாராவது எடுத்துவிடுவார்கள் என்று தெரியும். அது வேண்டாம், ரொம்ப அரைத்த மாவு.)

ஆங்கிலத்தில் இதற்கு நேர் எதிராகக் கீழே இறங்கி வந்தது 'சில்லி'. முதலில் அது பேறு பெற்றவனைக் குறித்தது. ஜெர்மன் மொழியில் அதன் பங்காளி இன்னும் புனிதமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் புனிதன் அப்பாவியாகி, அப்பாவி பரிதாபத்துக்குரியவனாகி, கடைசியில் அசடு ஆகிவிட்டான். நைஸ் மேலே ஏறும்போது சில்லி கீழே இறங்கியிருக்கிறது. நடுப்படியில் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டியிருக்கலாம்.

முப்பதாயிரம் பேரும் ஒரு நைஸும்

என்னைக் கவிழ்த்தது அசட்டுப் பொருள் அல்ல, அதற்கு அப்புறம் வந்தது. கூச்சக்காரிக்கு எதுவும் சட்டென்று பிடிக்காது. அதனால் பிகு பண்ணுவது, நொட்டை சொல்வது, பொறுக்கிப் பொறுக்கி எடுப்பது எல்லாம் நைஸ் ஆயிற்று. பொறுக்கி எடுப்பவனுக்குக் கண் கூர்மை. மற்றவனுக்கு ஒன்றாகத் தெரிவது அவனுக்கு இரண்டாகத் தெரியும். அப்படி மெல்லிய வித்தியாசம், நூலிழை நுட்பம் என்ற பொருள் வந்தது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே வீட்டில் ஒண்டிக் குடித்தனம் இருந்தன. அந்தக் காலத்து எழுத்தைப் படித்தால் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று பல இடங்களில் திகைப்புத்தான். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில், கொள்ளைநோய் பயத்தால் போய்ச் சேராத அந்தக் கடிதத்தைப் பற்றித் துறவி ஒருவர் பதறுவார்: அது நைஸ் அல்ல, கனத்த சேதி. அங்கே நைஸ் என்றால் அற்பம். மெல்லியது என்பது இளைத்து, ஒன்றுமில்லாதது என்றும் ஆகிவிட்டது.

எனக்கு உண்மையில் மயிர்க்கூச்செறிந்த இடம் வேறு. 1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு (நம் பக்கத்தில் அவரைச் சீரங்கப்பட்டணத்துப் போரில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லியாகத் தெரியும்) மறுநாள் பிரஸ்ஸல்ஸில் கிரீவி என்ற அரசியல்வாதியிடம் பேசுகிறார். எங்கள் பக்கம் முப்பதாயிரம் பேரை இழந்துவிட்டோம் என்கிறார். உடனே, அது படு நைஸான காரியம் என்கிறார். முப்பதாயிரம் பேரை இழந்த மறுநாள்! ஆனால் அடுத்த மூச்சிலேயே, இவ்வளவு நெருக்கத்தில் முடிந்த ஒன்றை உன் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டாய் என்று சொல்கிறார். தராசு முள் எந்தப் பக்கம் சாயும் என்று கடைசிவரை தெரியவில்லை, மயிரிழையில் பிழைத்தோம் என்பதுதான் அந்த நைஸ். அந்த வரி என் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? "அது ஓர் அருமையான விஷயம்" என்று எழுதி அனுப்பியிருப்பேன். வெலிங்டனை ரத்தக்காட்டேரி ஆக்கியிருப்பேன்.

உயில் வழக்கின் நீதிபதி சொன்னதும் அதுவேதான். இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற, நூல் பிடித்துப் பார்க்கவேண்டிய கேள்வி. சட்டக்காரர்களின் ஆங்கிலத்தில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வெலிங்டன் அப்படிப் பேசிய அதே காலத்தில் ஊரில் மற்றவர்கள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இனிமையானது என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில் கிளம்பி, எல்லாவற்றின் மேலும் பூசப்படுகிற சுண்ணாம்பாக ஆகிவிட்டது. 1817 கடைசியில், ஜேன் ஆஸ்டின் இறந்து சில மாதங்கள் கழித்து வெளிவந்த நார்த்தேங்கர் அபே நாவலில் இதற்கு ஒரு காட்சியே உண்டு. பதினேழு வயது காதரின், தான் படிக்கிற பேய்க்கதைதான் உலகத்திலேயே நைஸான புத்தகம் இல்லையா என்று கேட்கிறாள். ஹென்றி என்ற இளைஞன், நேர்த்தியான புத்தகம் என்கிறாயா, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று கிண்டல் செய்கிறான். இது ரொம்ப நைஸான நாள், நைஸாக நடக்கிறோம், நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல் போதும் என்று நீட்டி முழக்குகிறான். என் எட்டாம் வகுப்பு ஆசிரியர் இவனுடைய வாரிசுதான், சந்தேகமில்லை. ஆனால் ஹென்றியின் தங்கை விடவில்லை. பாராட்டே கலக்காமல் அந்தச் சொல் பொருந்துகிற ஒரே ஆள் நீதான், உன்னிடம் அறிவைவிட நைஸ்தான் அதிகம் என்று திருப்பிக் கொடுக்கிறாள். நொட்டை பிடிக்கிறவன் என்ற பழைய பொருளை எடுத்து அவன் தலையிலேயே ஒரு குட்டு. படித்ததும் எட்டாம் வகுப்புக் கட்டுரை ஞாபகம் வந்து, முப்பது வருடம் கழித்து யாரோ எனக்காகப் பேசியது போல இருந்தது.

மாவு மில்

இவ்வளவையும் படித்துவிட்டு, அந்த இரண்டு இடங்களையும் திருத்தாமல் வைத்துக்கொண்டே ஒரு வாரம் கழித்து மாயவரம் போனேன். அம்மா இடியாப்பத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, தூக்குவாளியில் கொடுத்து மில்லுக்கு அனுப்பினார். வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்கா சாம்பார் பொடிக்கு வறுத்துக்கொண்டு வந்திருந்தார். "கொரகொரன்னு ஓட்டுப்பா, நைஸாயிடப் போவுது" என்றார். என் முறை வந்ததும் மில்காரர் வாளியைப் பார்த்துவிட்டு, "இடியாப்பமா? அப்ப நைஸாத்தான் வேணும். ரெண்டு ஓட்டு ஓட்டணும், நில்லுங்க" என்றார்.

பெல்ட் ஓடுகிற சத்தத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் எத்தனை ஆயிரம் தடவை கேட்ட சொல்! மாவு நைஸாக இருக்கவேண்டும், சந்தனம் நைஸாக இழையவேண்டும், தச்சர் உப்புத்தாள் போட்டு நைஸாகத் தேய்ப்பார், ஹோட்டலில் நைஸ் தோசை என்றால் காகிதம் போல மெலிசு. இதில் எந்த நைஸாவது இனிமையைக் குறிக்கிறதா? சாம்பார் பொடிக்கார அக்காவுக்கு நைஸ் ஒரு குற்றம். அவருக்கு அது நல்லது என்றோ கெட்டது என்றோ பொருள் தரவில்லை, அளவைத் தருகிறது. துகள் எவ்வளவு சிறியது, இழை எவ்வளவு மெல்லியது என்பதைத் தருகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தராத, அகராதியில் பக்கம் பக்கமாகத் தேடிப் பிடித்த அந்த நுண்மைப் பொருள், மாவு மில்லில் மூட்டை கணக்கில் கொட்டிக்கிடந்தது.

இந்தப் பொருளுக்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல சொல் உண்டு. நுண் என்பது மணலுக்கும் ஆகும், மூளைக்கும் ஆகும். நுண்மணல் என்கிறோம், 'நுண்மாண் நுழைபுலம்' என்று வள்ளுவர் அறிவைச் சொல்கிறார். நைஸ் வந்து உட்கார்ந்தது அந்த நாற்காலியில்தான். நீதிபதியின் கேள்வி 'நுண்ணிய கேள்வி', ஐந்து பக்கம் தள்ளி இருந்தது 'நுண்ணிய வேறுபாடு'. மாவு அரைபட்டு முடிவதற்குள் இரண்டு இடமும் மனதுக்குள் திருத்தியாகிவிட்டது. ஆங்கிலச் சொல் இவ்வளவு சுலபமாகச் சமையலறைக்குள் புகுந்ததற்கு நம்முடைய 'நை' என்ற வேரும் வழிவிட்டிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நைய அரை, நையப் புடை, நைந்த துணி. காதுக்குப் பழகிய ஒலி என்றால் வாசலில் யாரும் நிறுத்தி விசாரிக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மாவை விரலால் தேய்த்துப் பார்த்த அம்மாவிடம், "நைஸா இருக்காம்மா?" என்று கேட்டேன். "ம், நல்லா நைஸா இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் 'நல்லா' ஒரு வேலை பார்க்கிறது, 'நைஸா' இன்னொரு வேலை பார்க்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைத்தவன் ஆங்கிலம் படித்த நான்தான். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து வீட்டுப் பையன் ஏணியைக் கேட்டு வாங்கிப் போய்த் திருப்பித் தராத கதையைச் சொன்னார்: "நைஸா பேசி எடுத்துட்டுப் போயிட்டான்." இது இன்னொரு நைஸ். உறுத்தாத, சத்தம் போடாத, கையில் தட்டுப்படாத வழவழப்பு பேச்சுக்கு வந்தால் அது தந்திரம். கூட்டம் பிடிக்காமல் நைஸாக நழுவுகிறோம். ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லில் எத்தனையோ பொருள் பார்த்திருக்கிறார்கள், இந்தக் கள்ளத்தனத்தை நாம்தான் சேர்த்தோம். அம்மாவுக்குக் கையெழுத்து தவிர ஆங்கிலம் தெரியாது. தமிழில் கலந்த ஆங்கிலத்தைக் கொச்சை என்று முகம் சுளித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சொல்லை அவர் கொச்சையாகப் பயன்படுத்தவில்லை, என்னைவிடத் துல்லியமாகப் பயன்படுத்துகிறார்.

என் மகளிடம் இதையெல்லாம் சொல்லி வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். "நைஸ்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. படித்தேன், மேலே பேச ஒன்றுமில்லை, விடுங்கள் என்பது அதன் பொருள். அவள் அலுவலகத்தில் ஒருத்தரைப் பற்றி 'ரொம்ப நைஸ்' என்றால், வேலையை அவர் தலையில் கட்டிவிடலாம் என்று அர்த்தமாம். சொல் பழையபடி ஏமாளிக்கே திரும்பிவிட்டது, வட்டம் முடிந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மில்காரரின் நைஸ் அந்த வட்டத்துக்குள் அகப்படாது.

திருத்திய பக்கங்களை அனுப்புவதற்கு முன் பெரியவருக்கு போன் செய்தேன். அதற்குள் எனக்கு இன்னொன்று தட்டுப்பட்டிருந்தது. அருமை. 'அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்' என்று குறள் சொல்லும்போது அருமை என்பது கடினம். செய்ய முடியாதோ என்று மலைக்கவைக்கிற கடினம். கிடைப்பதற்குக் கடினமானது அரியது, அரியது மதிப்புள்ளது, மதிப்புள்ளது பிரமாதம் என்று இதுவும் நைஸைப் போலவே ஏறி, காபிக்கும் சினிமாவுக்கும் போடுகிற சுண்ணாம்பு ஆகியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் முடிவு சொல்லக் கடினமான கேள்வியை 'அருமையான கேள்வி' என்று நான் எழுதியது தப்பே இல்லையே!

"ஐயா, வள்ளுவர் காலத்து வாசகருக்கு என் மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருந்திருக்கும்" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வள்ளுவர் காலத்து வாசகர் யாரும் இந்தப் புத்தகத்தை வாங்கப் போறதில்லை தம்பி" என்றார். அப்புறம் சிரித்துவிட்டு, "நுண்ணியன்னு போட்டு நைஸா அனுப்பி வைங்க, யாருக்கும் தெரியவேண்டாம்" என்றார்.

எந்த நைஸ் என்று நான் கேட்கவில்லை.